உருளியில் மிச்சமிருந்த பால்

உருளிப்பாலுக்கு ஒரு வாடை உண்டு. மஞ்சள் வாடைக்கும் பழைய பால் வாடைக்கும் அடியில் வேறொன்று. ஈரச்சாக்கை மூலையில் பல நாள் போட்டு வைத்துத் தூக்கினால் வருமே, அது. நாகர் மூச்சு பட்ட வாடை என்று ஓமனா அத்தை சொல்வாள். பேச்சு வராத வயதிலிருந்தே நான் அதைக் குடித்து வந்தேன். குமட்டும். குமட்டுவதே பாவம் என்று நினைத்து இரண்டாவது தடவையும் கையை நீட்டுவேன்.

எங்கள் வீட்டை நாகர்வீடு என்பார்கள். தக்கலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பரும் மரச்சீனிக் கிழங்குமாக விளையும் ஊர். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காவு. ஒரு ஏழிலைப்பாலை மரம், சுற்றிலும் யாரும் வெட்டாத புதர், மரத்தடியில் நாகர் கற்கள். மாதாமாதம் ஆயில்யம் நட்சத்திரத்தன்று சாயங்காலம் அத்தை குளித்து, ஈரப்புடவையோடு போய் வெண்கல உருளியில் பால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். பின்வாசலுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுப்பாள். யாரும் அவளைத் தாண்டிப் போக முடியாது. காலையில் பால் குறைந்திருந்தால் நாகர் வந்து குடித்திருக்கிறார். மிச்சத்தில் மஞ்சள் கலந்து முதலில் எங்கள் உள்ளங்கைகளில் ஊற்றுவாள், பிறகு வாசலில் காத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்கு. சொறி பிடித்தவர்களும் பிள்ளை உண்டாகாதவர்களும் இரண்டு பஸ் மாறிக்கூட வருவார்கள்.

பால் குறையாமல் இருந்தால் வீட்டில் யாரோ தீட்டோடு காவோரம் நடந்திருக்கிறார்கள் என்று பொருள்.

நான் பிளஸ் ஒன் படித்த வருடம் தை மாதத்திலும் மாசி மாதத்திலும் பால் வைத்தபடியே இருந்தது. பஸ்ஸுக்குப் போகும் குறுக்கு வழி காவை ஒட்டித்தான் போகிறது. அத்தை கூடத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அஸ்வதி, அந்த மூணு நாளும் காவோரமா போனியாட்டி? உள்ளதைச் சொல்லு."

போயிருந்தேன். சுற்றிப்போனால் பஸ் கிடைக்காது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது, அன்றும் திறக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. முழுப்பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அப்பா என் பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பரண்தட்டின்மேல் வைத்தார். பங்குனி ஆயில்யத்தில் பால் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அத்தை உருளியைச் சாய்த்து எல்லாருக்கும் காட்டினாள்.

நானும் நம்பினேன். நான் பள்ளிக்கூடம் நின்றதும் நாகர் வந்துவிட்டார் என்றால் நாறியது நான்தானே. அதன்பிறகு இரண்டு வேளை குளித்தேன். தேங்காய்நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்து முழங்கைத் தோல் கறுத்துப்போனது. கூட்டத்தில் யாராவது மூக்கைத் துடைத்தால்கூட என் வாடைதானோ என்று ஒதுங்குவேன்.

இந்த வருடம் ஐப்பசி ஆயில்யத்துக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, உருளியில் பால் ஏடு கட்டி அப்படியே இருந்தது. எறும்பு மட்டும் மிதந்தது. தங்கை அஞ்சு ஒன்பதாம் வகுப்பு. அவள் சமைந்து நாலு மாதமாகியிருந்தது. அத்தை அவளைத்தான் பார்த்தாள்.

"இனி இவ பள்ளிக்கொடம் போகாண்டாம், கோலப்பா" என்றாள் அப்பாவிடம்.

"நான் ரோட்டு வழியா சுத்திதான் போறேன், அத்தை!" என்றாள் அஞ்சு. அவள் என்னைப் போல இல்லை, கத்துவாள்.

"நாகருக்கு ரோடும் ஒண்ணுதான், காவும் ஒண்ணுதான்."

"அப்போ நாகரு பஸ்ஸுலயும் வருவாரா? டிக்கெட்டு எடுப்பாரா?"

அப்பா அவள் முதுகில் ஓர் அடி வைத்தார். "அக்கா சொன்னா சொன்னதுதான்" என்றார். அம்மா அடுக்களை வாசலில் நின்று ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். என் நாளிலும் அங்கேதான் நின்றாள்.

அஞ்சுவையும் தட்டின்மேல் தூக்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அத்தையின் மகன் ஸ்ரீஜித் அத்தான் மஸ்கட்டில் இருக்கிறான். ஓணத்துக்கு லீவில் வந்தபோது, கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள் களவு போகின்றன என்று, அவற்றைப் புகை போடும் புகைப்புரையின் சுவரில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனான். இருட்டிலும் தெரியும். ஏதாவது அசைந்தால் தானே துண்டு துண்டாகப் பதிந்து வைக்கும். அப்பாவின் போனில் பார்க்கலாம், ஆனால் அப்பாவுக்குப் பார்க்கத் தெரியாது. காலையில் ஷீட் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கொடிக்குப் பின்னால், படத்தின் ஒரு மூலையில், நாகர் கற்களும் தெரியும்.

நாகர் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்தால், எதற்காகத் திரும்புகிறார் என்று தெரியும், அஞ்சுவுக்கு ஏதாவது பரிகாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

முந்தின இரவு ஒன்றுமே இல்லை. ஓர் இலை விழுந்தது. அவ்வளவுதான். புரட்டாசி ஆயில்யத்துத் துண்டுகள் அழியாமல் இருந்தன. அந்த மாதம் பால் நன்றாகக் குறைந்திருந்தது. நாகரைப் பார்க்கப்போகிறோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அதைத் தொட்டேன்.

முதலில் வெள்ளையாக இரண்டு கண்கள். பிறகு உடம்பு. பெருச்சாளி. மயிர் ஈரத்தில் திரிதிரியாக ஒட்டியிருந்தது, வால் மண்ணில் இழுபட்டது. முன்கால்கள் இரண்டையும் பாலுக்குள் வைத்துக் குடித்தது. பின்னாலேயே இன்னொன்று, அதன்பின் குட்டிகளோடு இன்னொன்று. கடைசியாக வந்த கொழுத்தது உருளியின் விளிம்பில் ஏறித் திரும்பிப் பின்பக்கத்தை உள்ளே வைத்து உட்கார்ந்தது. பால் தெறிப்பது தெரிந்தது. பிறகு இறங்கி, அதையே குனிந்து குடித்தது.

அடுத்த துண்டில் விடிந்திருந்தது. அத்தை வருகிறாள். உருளியை எட்டிப் பார்க்கிறாள், கைகூப்புகிறாள், கண்ணைத் துடைக்கிறாள். ஒரு விரலைப் பாலில் விட்டு எதையோ எடுத்துப் புதருக்குள் சுண்டி எறிகிறாள். உருளியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறாள்.

அன்று காலை நான் உள்ளங்கையை நக்கினேன். சொட்டு கீழே விழக்கூடாது என்று மணிக்கட்டு வரைக்கும் நக்கினேன்.

கிணற்றடியிலேயே ஒரு தென்னை ஈர்க்கிலைப் பிளந்து நாக்கை வழித்தேன். ரத்தம் வந்தது. வாடை போகவில்லை.

வேலிக்கு அப்பால் நேசையன் மாமா நின்றார். எங்கள் காவுக்கு அடுத்தது அவருடைய மரச்சீனித் தோட்டம். மண்வெட்டியில் செத்த பெருச்சாளிகளை வாரி வைத்திருந்தார். வயிறு ஊதி, பல் வெளியே தெரிந்தது.

"என்ன மக்கா, மொகம் வெளுத்திருக்கு? காய்ச்சலா?"

"இல்ல மாமா."

"இஞ்ச பாரு இதுகள. பூனை கணக்கா இருக்கு. ஒரு மூடு கிழங்கு மிச்சம் வைக்கல்ல, சவங்க. மருந்து வச்சு ஒரு வாரமாச்சு, இன்னும் பொதருக்குள்ள கெடந்து நாறுது. ஒங்க காவுக்குள்ளயும் கெடக்கும். நான் அதுக்குள்ள காலு வைக்கமாட்டேன், கேட்டியா? ஒங்க அத்தை என்ன உயிரோட விடமாட்டா."

கேட்கவா வேண்டாமா என்று இருந்தது. கேட்டேன்.

"இதுக்கு முன்னால எப்போ மாமா மருந்து வச்சிய?"

"அது இருக்கும் ரெண்டு வருசம். நம்ம ரெனிஷா கல்யாணம் கழிஞ்ச ஒடனே, ஜனவரியில. பிப்ரவரியிலயும் ஒருக்கா வச்சேன். பொறவு கொஞ்ச நாளு சல்லியம் இல்ல. பங்குனிக்கு வேற கூட்டம் வந்து சேந்துட்டு. எதுக்கு கேக்க?"

"சும்மா மாமா."

மாமாவின் மகள் ரெனிஷா அக்கா கல்யாணத்துக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு யூனிபார்மோடு போயிருந்தேன். நான் கடைசியாகப் போன கல்யாணம் அது. மாமா மண்வெட்டியைக் குழியில் கவிழ்த்தார். தொப் தொப்பென்று விழுந்தன. இவை வராத இரண்டு மாதம்தான் என் தீட்டு. இவை மறுபடி வந்ததைத்தான் நாகர் என்னைப் பொறுத்துக்கொண்டார் என்றார்கள். முழங்கையைப் பார்த்தேன். இந்தத் தோலை நான் எதற்காகத் தேய்த்தேன்?

மத்தியானம் அப்பா மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஷீட்டு போயிட்டா?"

"இல்லப்பா. புரட்டாசி ஆயில்யம். பாருங்க."

பார்த்தார். வாயில் வைத்த கிழங்கு அப்படியே நின்றது. கடைசித் துண்டு முடிந்ததும் எழுந்து ஓடி முற்றத்தில் துப்பினார். அஞ்சு போனைப் பிடுங்கிப் பார்த்து "அய்யே! அய்யய்யே!" என்று குதித்தாள். சத்தம் கேட்டு அத்தை வந்தாள். கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரமாகப் பிடித்து, முழுவதும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நாகரு நெனச்ச உருவத்துல வருவாரு" என்றாள்.

"நாகருக்கு மீசை உண்டா, அத்தை?" என்றாள் அஞ்சு.

"ஏட்டி, வாய அடக்கு."

"அது உருளிக்குள்ள மூத்திரம் பெய்யுது, அத்தை. அத நாம குடிச்சிருக்கோம்."

"குடிச்சு செத்தா போனோம்? எத்தனை பேருக்கு சொறி மாறியிருக்கு! எத்தனை பேருக்கு பிள்ளை பொறந்திருக்கு! ஸ்ரீஜித்து மாட்டின டப்பாவுக்கு நாகரப் பத்தி என்னது தெரியும்?"

அப்பா வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அவர் அத்தையிடம் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். என் பக்கம்தான் திரும்பினார்.

"இத வேற யாருக்காவது காட்டினியா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"அழிச்சிரு. இப்பமே, என் முன்னால வச்சு அழி. நாடு முழுக்க நம்ம வீட்டுப் பாலக் குடிச்சிருக்கு. வெளிய தெரிஞ்சா சந்தையில எனக்கு மூஞ்சியில காறித் துப்புவானுவ."

அழித்தேன். பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, "அஞ்சு பள்ளிக்கொடம் போகணும்ப்பா" என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"பால் கொறையல்லன்னு ஊருக்கெல்லாம் தெரியும். யாரால கொறையல்லன்னும் தெரியும். சும்மா அனுப்ப முடியுமா? கார்த்திகை ஆயில்யம் வரட்டும். பால் கொறஞ்சா, எல்லாரு முன்னாலயும் அவ மொதல்ல குடிச்சிட்டு போகட்டும். கொறையல்லன்னா வீட்டுல இருக்கட்டும்."

"அது சரிதான்" என்றார் அப்பா. பெருச்சாளியைப் பார்த்துத் துப்பிய வாயால் சொன்னார். கையில் குழம்பு இன்னும் காயவில்லை.

"அப்போ எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கா? ரெண்டு வருசம் கழிஞ்சாச்சு. இனி போயி சின்னப் பிள்ளையளோட பெஞ்சுல இருப்பியா? நாணமா இருக்காதா?" பிளேட்டை இழுத்துப் போட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்.

அம்மா அடுக்களையில் மீன்சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மட்டும்தான் அந்தத் துண்டைப் பார்க்கவில்லை.

"நீ பாக்கல்லியாம்மா?"

"பாத்து என்னத்துக்கு." சாம்பலை அள்ளினாள். "நீ வயித்துல இருக்கச்சில ஒருநாள் பாலுல முடி கெடந்துது. குட்டையா, முள்ளு கணக்கா. பொறவு ஒருநாள் புழுக்கை. அன்னையிலேருந்து நான் உள்ள எறக்குனதே இல்ல. வாயில வச்சுக்கிட்டு பிலாமூட்டுக்குப் போயி துப்பிருவேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வோர் ஆயில்யமும் பால் வாங்கியதும் அம்மா பலாமரத்தடிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நாகர் இருக்கும் திசையைக் கும்பிடப் போகிறாள் என்றுதான் இத்தனை வருடம் எண்ணியிருந்தேன்.

"எனக்கு குடுத்தியே" என்றேன்.

"ஒங்க அத்தை முன்னால குடுக்காம இருக்க முடியுமா மக்கா?"

"பள்ளிக்கொடத்த விட்டு நிறுத்துனப்போ சொல்லியிருக்கலாமே."

"சொன்னா யாரு கேப்பா?" சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். அவள் உதட்டோரத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. அவள் கையால் ஒரு வாரம் என்னால் சாப்பிட முடியவில்லை. சோற்றை உருட்டும் அந்த விரல்களைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவேன். அந்தப் பாலை நான் குடிப்பேன் என்று பெருச்சாளிக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

கார்த்திகை ஆயில்யத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அரைப்பரீட்சை அதன் பின்னாலேயே வரும். பால் குறைய வேண்டுமென்றால் குடிக்க ஆள் வேண்டும். நேசையன் மாமாவின் மருந்தில் அவை கூண்டோடு செத்திருந்தன. புதுக்கூட்டம் பங்குனியில் வந்தால் எங்களுக்கு உதவாது.

அஞ்சுதான் முதலில் சொன்னாள். "தீனி வச்சா வரும்."

தினமும் பொழுது சாயும் நேரம், கோழிக்கு இரை போடுகிற சாக்கில், காவின் விளிம்பில் வைத்தேன். மரச்சீனித் தோல், தேங்காய்ச் சில்லு, நெத்திலிக் கருவாடு. கருவாட்டு வாடை இருந்தால் மருந்து வைத்த பக்கம் போகாமல் இங்கே வருமாம், அஞ்சு எங்கோ கேட்டிருக்கிறாள். புதருக்குள்ளிருந்து அழுகல் வாடை முகத்தில் அடிக்கும். ஒருநாள் இலைக்குவியலில் கை வைத்தபோது விரல்கள் கொழகொழவென்று எதற்குள்ளோ போயின. கிணற்றடியில் கையை மண்ணாலும் சோப்பாலும் கழுவிவிட்டு, மறுநாளும் போனேன். மாமாவிடம், "கொஞ்ச நாளு மருந்து வைக்காண்டாம் மாமா, எங்க கோழி அந்தப் பக்கம் வருது" என்று சொல்லிவைத்தேன்.

காலையில் போனைப் பார்க்கும்போது அஞ்சு என் காதோரம் வந்து நிற்பாள்.

"வந்துதா?"

"இல்ல."

இரண்டாம் வாரம் ஒன்று வந்தது. மெலிந்தது, ஒரு காது கிழிந்தது.

"இது போராது கேட்டியா. இது வயிறு காணாது. இன்னும் ரெண்டாவது வேணும்" என்றாள் அஞ்சு. சம்பந்தத்துக்குக் கூட்டம் சேர்க்கிற மாதிரி பேசினாள். சிரித்தோம். சிரிக்கும்போதே அவள் ஓங்கரித்தாள்.

ஆயில்யத்துக்கு முன்னால் மூன்று சேர்ந்துவிட்டன. ஆயில்யத்தன்று வேறு தீனி எதுவும் வைக்கவில்லை.

காலையில் அத்தை உருளியைத் தூக்கிக்கொண்டு வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. வாசலில் இருபது பேருக்குக் குறையாது. போன மாதம் பால் குறையாத கதை பரவியதால் கூட்டம் அதிகம். அஞ்சு யூனிபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி, பையோடு நின்றாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு, பக்தியாக நின்றார். எனக்கு அவரைப் பார்க்கக் கூசியது.

அத்தை மஞ்சளைக் கலக்கினாள். "வா மக்கா" என்று அஞ்சுவைக் கூப்பிட்டாள்.

அஞ்சு கை நீட்டினாள். பால் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இருந்த இடத்துக்கே அந்த வாடை வந்தது.

"என்ன பிள்ளே, குடி" என்றாள் ஒருத்தி.

"ஒரு கை தானே மக்கா" என்றார் அப்பா மெதுவாக.

அஞ்சு குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். கையை நக்கு என்று அத்தை கண்ணால் காட்டினாள். நக்கினாள்.

"பாத்தியளா, கொச்சுப் பிள்ளைக்கு நாகரு பொறுத்தாச்சு" என்று சொல்லி யாரோ குரவையிட்டார்கள். உடனே கைகள் முண்டியடித்து நீண்டன. நகம் கறுத்த கை, மருதாணி வைத்த கை, சொறி வெடித்த கை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்கள். அம்மாவும் வாங்கினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பலாமரத்தடியைப் பார்த்து நடந்தாள்.

குலசேகரத்திலிருந்து வந்த ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். அதற்குத் தலையெல்லாம் கரப்பான் புண். "நாக்குல ஒரு துளி தொட்டு வைங்க அம்மா" என்றாள். அத்தை விரலை உருளியில் முக்கினாள். குழந்தை வாயைத் திறந்துகொண்டு விரலைப் பார்த்துச் சிரித்தது.

"கொழந்தைக்கு வேண்டாம்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை கண்கள். அப்பாவின் முகம் கல்லாகியது. வாசலில் அஞ்சு பையோடு நின்றாள். உண்மையைச் சொன்னால் அவள் இந்தப் படியைத் தாண்ட மாட்டாள்.

"ஏன் மக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"சளி பிடிக்கும். பச்சைப் பாலு."

அத்தை என்னையே பார்த்தாள். விரலிலிருந்து பால் சொட்டியது. அந்தப் பெண் யோசித்தாள். குழந்தையைத் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ அதுக்கு உள்ளதையும் எனக்கே தாங்கம்மா. முலைப்பால் வழியா போகுமில்லியா" என்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

அத்தை நிறைய ஊற்றினாள். அவள் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் என் நாக்கு எனக்கே அழுகிய ஒன்றாகக் கிடந்தது.

பஸ் வரும் நேரமாகியிருந்தது. அஞ்சு காவோரக் குறுக்கு வழியிலேயே ஓடினாள், யாரும் தடுக்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். ரோட்டுக்கு முன்னால் ஒரு தென்னைமூட்டில் கையை ஊன்றிக் கக்கினாள். மஞ்சளாக வந்தது. நான் அவள் சடையைத் தூக்கிப் பிடித்தேன்.

"எக்கா, சட்டையில பட்டுதா?"

"இல்ல."

"மணக்குதா?"

"இல்லட்டி. போ."

பஸ் நின்றது. ஏறினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பாட்டில் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள், மறுபடியும் துப்பினாள். பஸ் நகர்ந்தது.

"ஏ பிள்ளே, தலைய உள்ள எடு! ரோட்டுல போறவன் மேல துப்புதியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

வளைவு வரைக்கும் அவள் துப்பிக்கொண்டேதான் போனாள்.